அலவத்துகொடையில் ஓர் உலகப்படம்

கண்டி மாநகரைக் காணச் செல்வோர் தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு, பேராதனைப் பூங்காவில் ஒரு பொழுதைக் கழித்து, வந்த வழியே திரும்பிவிடுவது வழக்கம். நகருக்கு வடக்கே, மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவில் உள்ள அலவத்துகொட என்னும் சிற்றூரை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. நாம் அங்கே சென்றதும் ஊர் பார்க்கும் நோக்கத்தினால் அன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து பல உயிர்கள் மாண்டன. அப்பகுதியில் வாழும் நம் பெரியப்பா முறையான முதியவர் ஒருவரின் நலம் விசாரித்து வருவோம் என்று, புயல் ஓய்ந்து சில மாதங்களின் பின்னர் புறப்பட்டோம். சென்ற இடத்தில் நாம் கண்ட ஒரு விநோதமான பொழுதுபோக்கும், அதனிடையே கிடந்த ஒரு சிறு வெற்றிடமும் நம் உள்ளத்தை விட்டு இன்னும் அகலவில்லை. அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஏ-9 நெடுஞ்சாலையின் முதற்பகுதியே நாம் சென்ற பாதை. கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்ததும் தெரு மெல்ல வளைந்து செல்கிறது. அடுத்து வருவது அக்குறணை. கடைகள் நெருங்கி நிற்கும் அந்நகரின் ஊடே பிங்கா ஓயா ஓடுகிறது. மழை பெருத்தால் அவ்வாறு தெருவுக்கே வந்து கடைகளுக்குள் புகுந்துவிடும் என்பது அங்குள்ள சிறுவர்களும் அறிந்த செய்தி. அக்குறணையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் அலவத்துகொட. இருபுறமும் வீட்டுத் தோட்டங்கள். பலாவும் கித்துளும் தென்னையும் ஓங்கி நிற்க, அவற்றின் உடலைத் தழுவி மிளகுக்கொடி ஏறியிருக்கும். இடையிடையே கராம்பும் சாதிக்காயும். பச்சை நிறத்தில் இத்தனை வகை உண்டோ என்று வியக்கவைக்கும் ஊர் அது. ஆனால் இம்முறை அந்தப் பச்சையின் நடுவே, மலைச்சரிவுகளில் ஆங்காங்கே, தோல் உரிந்தாற்போலச் செம்மண் தெரிந்தது. அதைக் கண்டபின் வண்டியில் இருந்தவர்கள் எவரும் அதிகம் பேசவில்லை.

பெரியப்பாவின் வீடு தெருவிலிருந்து சற்று ஏறிச் செல்லும் ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியராகிய அவரும், பெரியம்மாவும், அவர்களிடம் தங்கிப் பாடசாலைக்குச் செல்லும் பேத்தியும் வாசலுக்கே வந்து எம்மை வரவேற்றார்கள். “வாருங்கள் தம்பி, முதலில் தேநீர் குடியுங்கள். மழைக்கதை பிறகு பேசலாம்” என்றார் பெரியப்பா. கூடத்துக்குள் நுழைந்த நாம் அங்கே நடுவிலிருந்த மேசையைப் பார்த்து நின்றுவிட்டோம். மேசையின் மீது ஒரு பெரிய ஒட்டுப்பலகை. அதன் மீது உலகப்படம் ஒன்று விரிந்து கிடந்தது. அருகே சென்று பார்த்தபோதுதான் அது ஒரே தாளில் அச்சிட்ட படம் அன்று, ஆயிரம் சிறு மட்டைத் துண்டுகளைப் பொருத்தி ஆக்கிய படம் என்பது புலப்பட்டது. ‘ஜிக்சோ’ என்று வழங்கும் துண்டுப்படப் புதிர் அது. கண்டங்கள் எல்லாம் நிறைவாக இருந்தன. இந்து சமுத்திரத்தின் நடுவே மட்டும், இலங்கைக்குத் தெற்கே, ஒரே ஒரு துண்டின் இடம் வெறுமையாக இருந்தது. அவ்விடைவெளியில் பலகையின் மரநிறம் தெரிந்தது.

“ஒரு துண்டு தொலைந்துவிட்டதோ?” என்று வினவினோம்.

“தொலையவில்லை, சித்தப்பா. அது குருநாகலில் இருக்கிறது” என்றாள் பேத்தி.

அவள் கூறியதன் பொருள் அப்போது நமக்கு விளங்கவில்லை.

பூகோளப் பாடத்தில் பிறந்த விளையாட்டு

துண்டுப்படம் இன்று பொழுதுபோக்கு. ஆனால் அது பிறந்தது வகுப்புப் பாடமாகவே. 1760களில் இலண்டனில் யோன் ஸ்பில்ஸ்பரி என்னும் தேசப்பட வரைஞர் ஒருவர் இருந்தார். அவர் தேசப்படங்களை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகளை ஒட்டியே வாளால் அறுத்தார். பிள்ளைகள் அத்துண்டுகளை மீண்டும் அடுக்கி வைப்பதன் மூலம் எந்த நாட்டுக்கு எது அயல் என்பதைத் தாமே கற்றுக்கொள்வர். ஒன்றையொன்று கௌவிக்கொள்ளும் குமிழும் பள்ளமும் அக்காலத்துத் துண்டுகளுக்கு இல்லை. கை தவறி மேசையைத் தட்டினால் ஐரோப்பாக் கண்டமே சிதறிப்போகும். ஸ்பில்ஸ்பரி 1769இல் காலமானார். அவர் தொடக்கிவைத்த தொழில் மட்டும் நின்றுவிடவில்லை.

‘ஜிக்சோ’ என்பது உண்மையில் ஒரு வாளின் பெயர். வளைவு நெளிவாக மரம் அறுக்கப் பயன்படும் மெல்லிய வாள் அது. பின்னாளில் மரத்தை விட்டு மட்டைக்கு வந்தார்கள். படத்தை மட்டையில் ஒட்டி, வளைந்த எஃகுத் தகடுகள் பதித்த அச்சின் கீழ் வைத்து ஒரே அழுத்தில் வெட்டும் முறை ஏற்பட்டதும் விலை மிகக் குறைந்தது. 1930களில் அமெரிக்காவில் பொருளாதாரம் வீழ்ந்து கோடிக்கணக்கானோர் வேலையிழந்து வீட்டில் இருந்த காலத்தில்தான் இவ்விளையாட்டு உச்சநிலை அடைந்தது. 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாரமொன்றுக்கு ஒரு கோடி வரை விற்பனையானதாகக் கணக்குச் சொல்வர். நூல் இரவல் பெறுவதுபோலப் புதிரை இரவல் பெற்றுச் சென்றோரும் உண்டு. 2020இல் கொரோனாத் தொற்றினால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டபோதும் இவ்விளையாட்டுக்கு அதே வரவேற்புக் கிடைத்தது. வெளியே எதுவும் நம் கையில் இல்லை என்று தோன்றும் காலங்களில், கைக்குள் அடங்கும் ஒன்றைச் சீராக்கிப் பார்க்க மனிதமனம் விரும்புகிறது போலும்.

பெருஞ்செயலாக இதனைச் செய்தோரும் இருக்கின்றனர். 2011 செப்டெம்பர் 24ஆம் நாள் வியட்நாமின் ஹோ சி மின் நகரில், பல்கலைக்கழக மாணவர் 1,600 பேர் கூடி 5,51,232 துண்டுகளைக் கொண்ட படமொன்றைப் பொருத்தி முடித்தனர். அதன் அகலம் 23 மீற்றருக்கும் மேல். அலவத்துகொட வீட்டின் ஆயிரம் துண்டுகள் அதற்கு முன் எம்மாத்திரம்! ஆனால் ஆயிரமே ஒரு குடும்பத்துக்குப் போதும்.

சுளகும் கணக்கும்

பெரியப்பாவின் வீட்டில் இவ்விளையாட்டுக்கென ஓர் ஒழுங்குமுறை உண்டு. கொழும்பில் வேலைபார்க்கும் மகன் பெட்டியைக் கொண்டுவந்து தந்த அன்றே பெரியம்மா இரண்டு சுளகுகளை எடுத்து வைத்துவிட்டாராம். அரிசியில் கல் பொறுக்குவதுபோல, துண்டுகளைச் சுளகில் பரப்பி, ஒரு புறம் நேர்க்கோடாக உள்ளவற்றை முதலில் தெரிந்தெடுக்க வேண்டும். அவைதாம் படத்தின் கரைத்துண்டுகள். அவற்றைக் கொண்டு சட்டம் கட்டியபின், எஞ்சியவற்றை நிறம் நிறமாகப் பிரிக்கவேண்டும்.

பேத்தி கணக்கில் கெட்டிக்காரி. “குறுக்கே 40, நெடுக்கே 25. ஆகவே 1,000 துண்டுகள். கரைத்துண்டுகள் எத்தனை, சித்தப்பா?” என்று கேட்டு எம்மைத் திணறடித்தாள். நாற்பதை இரு முறையும் இருபத்தைந்தை இரு முறையும் கூட்டினால் 130. நான்கு மூலைத்துண்டுகளும் இருமுறை எண்ணப்பட்டிருப்பதால் நான்கைக் கழிக்க, 126. உள்ளே இருப்பவை 874.

மாணவர்களுக்குப் பயன்படும் வேறொரு கணக்கையும் அவள் சொன்னாள். ஐந்நூறு துண்டுப் படத்தைப் பார்க்கிலும் ஆயிரம் துண்டுப் படம் இருமடங்கு கடினம் என்றே பலரும் எண்ணுவர். அது தவறு. எந்தத் துண்டு எந்தத் துண்டுடன் சேரும் என்று இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பார்ப்பதானால், 500 துண்டுகளில் 1,24,750 இணைகள் உண்டு. 1,000 துண்டுகளிலோ 4,99,500 இணைகள். துண்டு இருமடங்காகும்போது இணைகள் ஏறக்குறைய நான்மடங்காகின்றன. நிறம் பிரிப்பதும் சட்டம் கட்டுவதும் இந்தப் பெருந்தொகையைச் சுருக்குவதற்கான உபாயங்களே. பாடப்புத்தகத்தில் வறண்டு கிடக்கும் எண்கள் மேசைக்கு வந்தால் எவ்வளவு சுவைக்கின்றன!

மலைநாட்டு ஈரத்தில் மட்டைத்துண்டுகளைக் காப்பதும் ஒரு கலை. மழைக்காலத்தில் மட்டை ஊதிப் பொருந்த மறுக்கும். பூஞ்சணம் பிடிக்கும். இராமபாணப்பூச்சி ஒட்டுப்பசையை நாடி வரும். அதனால் பொருத்தாத துண்டுகளை இறுக மூடும் பிஸ்கற் தகரத்தில் இட்டு வைப்பார்கள். பலகையின் மீது இரவில் ஒரு பருத்தித் துணியை விரித்து மூடுவார்கள். மேசையில் ஏறிப் படுக்கும் பூனையைச் சமாளிக்க மட்டும் இன்னும் ஒரு வழி அகப்படவில்லையாம்.

நிலங்களைப் பொருத்துவது எளிது. நாடுகளின் பெயர்களும் எல்லைகளும் வழிகாட்டும். கடல்தான் சோதனை. எல்லாம் ஒரே நீலம். பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. பேத்திக்கோ பொறுமை போதாது. அவ்வேளையில் உதவிக்கு வந்தவன், ஒழுங்கையின் கீழே, ஓடைக்கு அண்மையில் இருந்த முஸ்லிம் குடும்பத்தின் பத்து வயதுச் சிறுவன். பின்னேரங்களில் பெரியப்பாவிடம் பாடம் கேட்க வருபவன், பாடம் முடிந்ததும் மேசையடிக்கு வந்துவிடுவான். “சேர், இந்த நீலமும் அந்த நீலமும் ஒன்றில்லை. இது கொஞ்சம் பழைய நீலம்” என்பானாம். அவன் எடுத்த துண்டு பெரும்பாலும் முதன்முறையிலேயே பொருந்தும். வீட்டில் அவனுக்குச் சமுத்திரராசன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பசுபிக்கும் அத்திலாந்திக்கும் அவன் கைப்பட்டே நிறைந்தன.

துண்டுப்படம் பொருத்தும் வீடுகளில் ஒரு குறும்பு உண்டு. கடைசித் துண்டை வைக்கும் பெருமை தனக்கே கிடைக்கவேண்டும் என்று யாராவது ஒருவர் ஒரு துண்டை மறைத்து வைத்துக்கொள்வார். நவம்பர் மாதக் கடைசியில் ஏறக்குறைய இருபது துண்டுகளே மிஞ்சியிருந்தபோது, சமுத்திரராசனும் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டைத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறான்.

மறுநாள் மழை தொடங்கியது.

மழை பெய்த இரவு

அந்த மழையைப் பற்றிப் பெரியப்பா அதிகம் பேசவில்லை. பெரியம்மாவே சொன்னார். பகலும் இரவும் ஓயாமல் பெய்தது. மின்சாரம் நின்றது. தொலைபேசியும் மௌனமாயிற்று. மலைப்பக்கத்திலிருந்து மரம் முறிவதுபோன்ற ஓசை கேட்டபோது, இனி இருப்பது தகாது என்று ஒழுங்கையில் இருந்தோர் எல்லோரும் வெளியேறினார்கள். அடையாள அட்டை, காணி உறுதி, பேத்தியின் பள்ளிச் சான்றிதழ், மருந்து, ஒரு மாற்றுடை. இவ்வளவையும் ஒரு பையில் இட்டுக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி இருளில் இறங்கினார்கள். கீழ்வீட்டாரும் அதே இருளில் சென்றார்கள். ஆனால் யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

பத்து நாட்களுக்குப் பின் இவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்தது. மேசை இருந்தது. துணி விரித்தபடியே உலகப்படமும் இருந்தது. ஓடைக்கு அண்மையில் இருந்த வீட்டின் ஒரு பாதியை மண் மூடியிருந்தது. அந்தக் குடும்பத்தைப் பற்றி நான்கு நாட்கள் யாதொரு தகவலும் கிடைக்கவில்லை. அந்நாட்களில் பெரியப்பா மேசைப்பக்கமே போகவில்லையாம். ஐந்தாம் நாள், அவர்கள் யாவரும் உயிருடன் தப்பி, குருநாகலில் உறவினர் வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. அன்று மாலையே பேத்தி எஞ்சிய கடல்துண்டுகளைப் பொருத்தத் தொடங்கினாள். இறுதியில் ஓர் இடம் மிஞ்சியது. துண்டைக் காணவில்லை. தகரத்தைக் கவிழ்த்தார்கள். மேசையை நகர்த்தினார்கள். பூனையின் படுக்கையையும் உதறினார்கள். கிடைக்கவில்லை.

பேத்தி ஓர் உபாயம் செய்தாள். ஒரே அச்சினால் வெட்டப்பட்ட இரண்டு படங்களின் துண்டுகள் வடிவத்தில் ஒத்திருக்கும். வீட்டில் அதே நிறுவனத்தாரின் வேறொரு புதிர் இருந்தது. பனிமலையும் நீல வானமும் கொண்ட படம். அதில் அதே வரிசை, அதே இடத்துத் துண்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. வானம் கடலாயிற்று. நான்கடி தள்ளி நின்று பார்ப்போர் எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பெரியப்பா அதனைப் பார்த்தார். மெல்ல எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். “பொருந்துகிறது, பிள்ளை. ஆனால் உரியது இதன்று” என்றாராம்.

பெரியம்மா வேறொரு வழி கூறினார். சப்பாத்துப் பெட்டி மட்டையில் அதே வடிவத்தை வெட்டி வைக்கலாம் என்றார். பெரியப்பா அதனை மறுக்கவில்லை. “துண்டு உண்மையிலேயே அழிந்துபோயிருந்தால் அப்படித்தான் செய்யவேண்டும். ஆனால் நீலம் பூசக்கூடாது. மட்டை மட்டையாகவே தெரியவேண்டும். சற்றுப் பொறுப்போம்” என்றார்.

அந்த வாரக்கடைசியில் குருநாகலுக்குத் தொலைபேசி எடுத்தபோது சிறுவனே பேசினான். புத்தகம் போயிற்று, சைக்கிள் போயிற்று, புதுப் பாடசாலையில் சேர்த்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, “சேர், கடல் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்றைக்குப் போட்டிருந்த காற்சட்டையில் இருந்தது. நான் வரும்வரை அந்த இடத்தை மூடவேண்டாம்” என்றான்.

வெற்றிடத்தின் வரலாறு இதுவே.

கல்லால் ஆன புதிர்

மறுநாள் காலை பெரியப்பா எம்மை வேறொரு புதிரைக் காண அழைத்துச் சென்றார். “மட்டைப் புதிரைப் பார்த்தீர்கள். கற்புதிரையும் பார்த்துவிட்டுப் போங்கள்” என்று அவர் கூறவே, அதே நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் கோவிலின் இராசகோபுரத்தைத் தொழுதோம். அடுத்து வருவது அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் பௌத்தரின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் அது. அதனையும் கடந்து, மாத்தளையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீற்றர் சென்றால் நாலந்தா வருகிறது. பிரதான வீதியிலிருந்து கிழக்கே திரும்பிச் சிறிது தூரம் போனால், நீர்த்தேக்கமொன்றின் ஓரத்தில், மரநிழலில், சிறியதொரு கற்கோவில் தனித்து நிற்கிறது. நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர்.

எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக் கட்டடம் என்பர். உருவத்தைக் கண்டால் மாமல்லபுரத்தைக் கண்டவர்களுக்கு உடனே அதன் நினைவு வரும். மண்டபமும் கருவறையும் விமானமுமாகப் பல்லவர் பாணியில் அமைந்தது. ஆயினும் வழிபாட்டில் பௌத்தத்துக்கு உரியது. தமிழகத்துச் சிற்பமுறையும் ஈழத்துப் பௌத்தமும் ஒன்றையொன்று கௌவிக்கொண்டு நிற்கும் அந்தக் கோவிலே ஒரு துண்டுப்படம் எனலாம்.

ஆனால் பெரியப்பா எம்மை அங்கே அழைத்துச் சென்றது அதற்காக அன்று. “இந்தக் கோவில் இந்த இடத்தில் பிறந்ததில்லை, தம்பி” என்றார். அது முன்னர் தாழ்ந்த வயல்நிலத்தில் இருந்தது. மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அந்நிலம் நீரில் மூழ்கும் நிலை வந்தது. தொல்பொருட் திணைக்களத்தார் கோவிலைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் பொருத்தி எழுப்பினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓரிடத்தில் நின்ற கோவில் இடம் பெயர்ந்தது. இன்று அதன் பழைய நிலத்தைத் தண்ணீர் மூடியிருக்கிறது. ஆனால் தூணுக்கு அயலில் எந்தக் கல் இருந்ததோ அக்கல்லே இன்றும் இருக்கிறது. மண் மாறியது. கற்களின் உறவு மாறவில்லை.

இந்த வேலை எவ்வளவு அரியது என்பதை விளக்க அவர் கம்போடியாவின் கதையைச் சொன்னார். அங்கோர் தோம் நகரில் பாபுவோன் என்னும் சிவன் கோவில் ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அது சரியும் நிலையில் இருந்ததால், பிரெஞ்சுத் தொல்பொருள் அறிஞர்கள் 1960இல் அதனைப் பிரித்துக் கட்டும் பணியைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 3,00,000 கற்களைக் கழற்றிச் சுற்றியுள்ள காட்டில் வரிசையாக வைத்தார்கள். எந்தக் கல் எங்கே என்பதை ஏடுகளில் குறித்தும் வைத்தார்கள். 1970களில் உள்நாட்டுப் போர் மூண்டது. பணி நின்றது. குறிப்பேடுகளும் அழிந்தன. கற்கள் மட்டும் காட்டில் கிடந்தன. 1995இல் பணி மீண்டும் தொடங்கியபோது, மூன்று இலட்சம் துண்டுகள் உண்டு, பெட்டியின் மேல்மூடிப் படம் இல்லை என்ற நிலை! சாந்து பூசாமல் கட்டிய கோவிலாதலால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே ஓர் இடந்தான் உண்டு. பதினாறு ஆண்டுகள் உழைத்து, 2011இல் கோவிலை நிறைவு செய்தார்கள்.

“காணாமற்போன கல்லுக்கு என்ன செய்வார்கள், தாத்தா?” என்று பேத்தி கேட்டாள்.

அதற்கும் ஒரு நெறி உண்டு. பழைய சின்னங்களைப் பேணுவதற்காக 1964இல் வெனிஸ் நகரில் கூடிய அறிஞர்கள் ஒரு பட்டயம் வகுத்தார்கள். அழிந்துபோன பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைந்து நிற்கவேண்டும். ஆனால் பழையது எது, புதியது எது என்று பார்ப்போர் பிரித்தறியும்படியும் இருக்கவேண்டும். வரலாற்றில் பொய்ச்சாட்சி கூடாது என்பதே அதன் கருத்து. சப்பாத்துப் பெட்டி மட்டைக்கு நீலம் பூசவேண்டாம் என்று பெரியப்பா சொன்னதன் காரணம் அப்போது எமக்குத் தெளிவாயிற்று.

“அழிந்துபோனதற்குத்தான் அந்த நெறி. இருக்கிறதற்கு வேறு நெறி” என்று தொடர்ந்தார் அவர். “துண்டு எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தபின், வேறொன்றை அதன் இடத்தில் வைப்பது எப்படி? அந்த இடம் வெறுமையாக இல்லை. அவனுக்காக இருக்கிறது.”

நாம் நீரைப் பார்த்தபடி நின்றோம். கீழ்வீட்டுக் குடும்பம் பழைய நிலத்துக்குத் திரும்புமா என்பது யாருக்கும் தெரியாது. அந்த நிலம் இனி வாழத்தக்கதா என்பதே கேள்விக்குறி. குருநாகலிலேயே தங்கிவிடவும் கூடும். வீட்டை எடுத்துப்போக முடியாது; ஓடையை எடுத்துப்போக முடியாது. ஆனால் ஒரு பிள்ளை மாலையில் ஓடிவந்து உட்கார்ந்த இடத்தை அயலவர் காத்துவைக்க முடியும். மண் மாறினாலும் உறவு மாறாமல் நிற்க முடியும் என்பதற்கு எதிரே ஒரு கற்கோவில் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது.

இரவில் விரித்த துணி

மாலையில் வீடு திரும்பினோம். உலகப்படத்தை மறுபடியும் ஒருமுறை பார்த்தோம். எழுபது சென்ரிமீற்றர் அகலமுள்ள அப்படத்தில் நம் இலங்கை ஒரு சென்ரிமீற்றர் உயரமும் இல்லை. ஒரு துண்டின் பாதிக்குள் அடங்கிவிடுகிறது. கண்டியும் மாத்தளையும் ஊசிமுனைப் புள்ளிகள். அலவத்துகொடைக்குப் புள்ளியும் இல்லை. இவ்வளவு பெரிய உலகில் அவ்வளவு சிறிய இடம். ஆயினும் பார்ப்பவர் கண் கண்டங்களை விட்டுவிட்டு, பெயரோ எல்லையோ ஊரோ இல்லாத அந்த ஒற்றைக் கடல்துண்டின் இடத்துக்கே செல்கிறது. இருந்திருந்தால் அதனை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இதனை வாசிக்கும் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு துண்டுப்படம் வாங்கி வைத்துப் பாருங்கள். விலையுயர்ந்தது வேண்டியதில்லை. பிள்ளைகள் கைவண்ணத்தில் வரைந்த தேசப்படத்தைத் தடித்த மட்டையில் ஒட்டி, ஸ்பில்ஸ்பரியைப்போல எல்லைகளை ஒட்டி வெட்டினாலும் போதும். நூறு துண்டில் தொடங்குங்கள். அவசரப்படாதீர்கள். பொருந்தாத துண்டை வலிந்து அழுத்தினால் ஒன்றல்ல, இரண்டு இடங்கள் கெடும். உண்மையான இடத்தை இழந்த துண்டு ஒன்று, உண்மையான துண்டை இழந்த இடம் ஒன்று. பொறுத்தார் பூமி ஆள்வார் என்னும் பழமொழி இவ்விளையாட்டில் சொல்லுக்குச் சொல் உண்மையாகிறது. அயல்வீட்டுப் பிள்ளையையும் அழையுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத நீலம் அவன் கண்ணுக்குத் தெரியக்கூடும்.

விடைபெறும் வேளையில் இருட்டிவிட்டது. மழை தூறத் தொடங்கியது. முன்னொரு காலத்தில் மழை என்றால் மகிழும் அவ்வீட்டார் ஒரு கணம் பேச்சை நிறுத்தி அதன் ஓசையைக் கூர்ந்து கேட்டார்கள். சிறு தூறல்தான். பேத்தி பனிமலைப் படத்தின் பெட்டியைத் திறந்து, வானத்துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து மூடினாள். வருகின்ற விடுமுறைக்குச் சமுத்திரராசனை அழைத்துவருவதாக அவன் தந்தை வாக்களித்திருக்கிறாராம்.

பெரியம்மா வழக்கம்போலப் பருத்தித் துணியை எடுத்துவந்து உலகப்படத்தின் மீது விரித்தார். விரித்தபின், அந்த வெற்றிடம் இருந்த இடத்தைத் துணியின் மேலாகவே ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.